உப்புக் காற்றில் தார் ஜீப்பைக் காப்பாற்றுவது எப்படி

புதிதாக மகிந்திரா தார் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது டயர், பம்பர், லைட் பற்றித்தான். கேட்பவர் வடசென்னைக்காரர் என்றால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கையில் இருக்கும் பணத்தை முதலில் வண்டிக்கு அடியில் போடுங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி ஓடும் சாலையில் தினமும் போய்வரும் வண்டிக்கு மலைப்பாதையைவிடப் பெரிய எதிரி உப்பு. அது சத்தம் போடாமல் வேலை செய்வதால் யாரும் கவனிப்பதில்லை.

நான் இருப்பது திருவொற்றியூர். வைத்திருப்பது 2020 அக்டோபரில் வெளிவந்த புதிய தலைமுறைத் தார், 2.2 லிட்டர் டீசல், நாலு சக்கரத்துக்கும் விசை போகும் ஃபோர் பை ஃபோர். வேலை பழகியது காசிமேட்டில். மாமா அங்கே விசைப்படகு என்ஜின் மெக்கானிக். என் பள்ளி விடுமுறை எல்லாம் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே போனது. அவர் சொல்வார்: "தண்ணிக்குள்ளயே கெடக்குற இரும்பு மெதுவாத்தான்டா போவும். நனைஞ்சு நனைஞ்சு காயுற எடம்தான் சீக்கிரம் போவும்." துரு வேகமாகப் பிடிக்க உப்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர வேண்டும். மூழ்கிக் கிடக்கும் இரும்புக்கு ஆக்சிஜன் குறைவு. மெல்லிய ஈரம் படிந்த இரும்புக்கு மூன்றும் தாராளம். போதாததற்கு, உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மழையே இல்லாத மாதத்திலும் தெருவில் நிற்கும் வண்டியின் சேஸிஸ் (அடிச்சட்டம்) விடியற்காலையில் பிசுபிசுவென்று இருப்பது அதனால்தான்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்?

அடிப்பக்கத்தைக் கழுவச் சொன்னால் எல்லோரும் வாட்டர் வாஷ் கடைக்குப் போய்விடுவார்கள். போகலாம், ஆனால் அங்கே வருவது என்ன தண்ணீர் என்று கேளுங்கள். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி செய்யப்பட்டுவரும் விஷயம். கடலோரத் தெருக்களின் போர் தண்ணீரும் பல இடங்களில் உவர்ப்புதான். அதில் கழுவினால் சேறு போகும், உப்பு போகாது. ஒரு கருப்பு பிளாஸ்டிக் மூடியில் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பாருங்கள். வெள்ளையாகத் தடிமனாகப் படிந்தால் அந்தக் கடையில் சேறு போக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி அலசலை நான் வீட்டில் மெட்ரோ தண்ணீரில் (குடிநீர் வாரியத் தண்ணீர்) செய்கிறேன். நிறையத் தேவையில்லை. செடிக்கு மருந்து அடிக்கும் கை பம்ப் இருக்கிறதே, அதில் நிரப்பி, வண்டிக்கு அடியில் ஒரு பாய் விரித்துப் படுத்துக்கொண்டு அடித்தால் இரண்டு குடத்தில் முடிந்துவிடும். வீல் ஆர்ச்சின் உள்விளிம்பு, டீசல் டாங்கின் மேல்பக்கம், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணங்கள், அடியில் கல் படாமல் காக்கும் ஸ்கிட் பிளேட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவிலுள்ள இடுக்கு, பின்பம்பரின் உள்பக்கம்: சேறும் உப்பும் தங்கும் இடங்கள் இவை. சேஸிஸ் பெட்டிபோல் மூடிய இரும்பு. அதிலுள்ள வடிகால் ஓட்டைகள் அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் நின்று, வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து அரிக்கும். ஒரு கம்பியால் அவற்றைக் குத்திவிட்டு அடியுங்கள். அழுத்தமான பீச்சலை ஆக்சில் சீல், வீல் பேரிங், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட், மின் கனெக்டர், ரேடியேட்டர் மீது காட்ட வேண்டாம். கழுவி முடித்ததும் கொஞ்ச தூரம் ஓட்டி, மெதுவாக பிரேக் பிடித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும்.

அண்டர்பாடி கோட்டிங் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கருப்பாக, தடிமனாக அடிக்கும் ரப்பர் வகைப் பூச்சு பார்க்க அழகாக இருக்கும். ஒரு ஜல்லி அடித்து ஓர் இடத்தில் விரிந்தால் போதும், அந்த இடைவெளியில் உப்புத் தண்ணீர் நுழைந்து பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவில் உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கடலோரத்துக்கு மெழுகு வகையோ, ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கும் லனோலின் வகையோதான் நல்லது. இவை இறுகாமல் பிசுக்காகவே இருந்து இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும். வருடா வருடம் திரும்ப அடிக்க வேண்டும், அது ஒன்றுதான் சிரமம். கத்திரி வெயிலில் செய்யுங்கள், அப்போதுதான் சேஸிஸின் உள்பக்கம் வரை உலர்ந்திருக்கும். துரு இருந்தால் முதலில் வயர் பிரஷ் போட்டு, ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசி, பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் மெழுகு. நீளமான குழாய் மூக்கு வைத்து சேஸிஸ் பெட்டிக்குள்ளும் அடிக்கச் சொல்லுங்கள். பிரேக் டிஸ்க், சைலன்சர், ரப்பர் பூட் மீது படக்கூடாது. வடிகால் ஓட்டைகளை அடைக்கவும் கூடாது. வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

தாரின் கதவுக் கீல்கள் வெளியே தெரியும்படி இருக்கின்றன. பின்கதவுக் கீல் ஸ்டெப்னியின் எடையையும் சேர்த்துச் சுமக்கிறது. துரு முதலில் கண்ணுக்குத் தெரிவது இங்கேதான். மாதம் ஒருமுறை துடைத்து வெள்ளை கிரீஸ் வையுங்கள். ஏதாவது கூடுதலாக மாட்டும்போது போல்ட்டு, கிளாம்பு எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸில் பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் வாங்கலாம். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் வெறுமனே முறுக்காதீர்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் பொடியாகும். மரையில் ஆன்ட்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) தடவுங்கள். வீல் நட்டுக்கு மட்டும் அது வேண்டாம். வழுக்கும் மரையில் அதே டார்க்குக்கு (முறுக்கும் விசைக்கு) இறுக்கம் கூடிப்போகும்.

மின்சாரக் கோளாறு என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது எர்த் வயர். பேட்டரியின் நெகட்டிவ், பாடிக்கும் சேஸிஸுக்கும் போகிற எர்த் முனைகள் துருப்பிடித்தால் டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத விளக்குகள் எல்லாம் எரியும். கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளிச்சென்று ஆக்கி, முறுக்கி, மேலே வாசலின் தடவினால் பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடிக்கு வீட்டிலிருக்கும் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும். நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

சாம்பலும் டிராஃபிக்கும்

அத்திப்பட்டு, மணலி வழியாகப் போகிறவர்களுக்கு நிலக்கரித் தூளும் சாம்பலும் டிரெய்லர் கிளப்பும் மண்ணும் பழக்கம். ஏர் ஃபில்டருக்குக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் நல்ல சாலைக்கானது. நமக்கு அதில் பாதியிலேயே திறந்து பாருங்கள். காற்று அடிப்பதானால் குறைந்த அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் தூள் காகிதத்துக்குள் இறங்கிவிடும். டார்ச் அடித்து வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் புதிது போடுங்கள். பாக்ஸின் ரப்பர் ஓரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். ஏசி கண்டென்சர் தகடுகளில் சாம்பல் அடைத்தால் ஏசி குளிராது, என்ஜினும் சூடாகும். மெல்லிய தண்ணீர் விட்டு அலசினால் சரி.

பிஎஸ் 6 டீசல்காரர்களுக்கு இன்னொன்று. தண்டையார்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் புகைபோக்கியிலுள்ள டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) கரியால் அடைக்கும். அந்தக் கரி எரிய, என்ஜின் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வாரக்கடைசியில் மீஞ்சூர் வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஏறி ஒரு இருபது நிமிடம் ஒரே வேகத்தில் போய் வாருங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்த பிறகு நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் சர்வீஸ் சென்டர் செலவுதான்.

தண்ணீருக்குள் இறங்கும் முன்

புதிய தாருக்கு நிறுவனம் சொல்லும் நீர் ஆழம் 650 மில்லிமீட்டர். அது அலையில்லாத தண்ணீர். நம் சாலையில் எதிரே ஒரு கன்டெய்னர் டிரெய்லர் வந்தால் அதன் அலை பானெட்டின் மேலேயே ஏறும். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் தடுப்பு வைத்திருந்தால் எந்த வண்டியாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை ஜீப்புகள் நடுத்தண்ணீரில் நின்றன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இறங்கியே ஆக வேண்டும் என்றால் ஒருவர் கோலோடு முன்னால் நடந்து ஆழத்தையும் திறந்த மேன்ஹோலையும் பார்க்க வேண்டும். முதல் கியர், லோ ரேஞ்ச் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் நிலை), நடை வேகம், நிறுத்தாமல். நடுவில் என்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்நார்கல் (என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) மாட்டியிருக்கிறேன் என்று தைரியம் கொள்பவர்கள், ஏர் பாக்ஸ் வரை எல்லா மூட்டும் காற்றுப் புகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிளாம்பு தளர்ந்திருந்தாலும் அது வெறும் அலங்காரக் குழாய்.

ஸ்நார்கலைவிட நூறு மடங்கு உருப்படியான வேலை ஆக்சில் பிரீதரை, அதாவது ஆக்சில் மூச்சுவிடும் துளையை, உயர்த்துவது. ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும், அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போகும். பிரீதர் முனையிலிருந்து நல்ல ரப்பர் குழாயை என்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய், முனையில் சின்ன ஃபில்டர் மாட்டினால் வேலை முடிந்தது. ஆழமான தண்ணீரில் போய் வந்த வாரத்தில் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலையும் அப்போதே பார்த்துவிடுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் கிரீஸ் நிப்பிள் இருக்கும் வண்டிகளில் பழைய கிரீஸ் வெளியே தள்ளிக்கொண்டு வரும்வரை அடியுங்கள். வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும், அன்றைக்கே கழுவுங்கள்.

ஃபோர் பை ஃபோரை மாதக்கணக்கில் தொடாமல் வைத்தால் லிவர் இறுகும். மண் தரையில் அவ்வப்போது போட்டு ஓட்டி எடுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் போடாதீர்கள். திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும், அந்த வித்தியாசம் வழுக்கி வெளியேற வழியில்லாமல் ஷாஃப்ட்டை முறுக்கும்.

மேலே எதை மாற்றலாம்

டயர்தான் முதல். தார் 18 அங்குல அலாயில் 255/65 அளவிலும், 16 அங்குல ஸ்டீல் ரிம்மில் 245/75 அளவிலும் வந்தது. பக்கச்சுவர் உயரம் முதலாவதில் சுமார் 166 மில்லிமீட்டர், இரண்டாவதில் 184. எண்ணூர், மணலிச் சாலைப் பள்ளங்களுக்கும் மணலுக்கும் அந்த உயரமான பக்கச்சுவர் பெரிய உதவி. வகையில் ஆல் டெரெயின் போதும். சேற்றுக்கான மட் டெரெயின் நனைந்த தார்ச்சாலையில் பிடிப்புக் குறைவு, சத்தமும் அதிகம். மென்மணலில் மாட்டினால் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். வெளியே வந்ததும் திரும்ப ஏற்ற 12 வோல்ட் கம்ப்ரஸர் கூடவே இருக்க வேண்டும். கடற்கரையில் மட்டும் வண்டியை இறக்காதீர்கள். ஜனவரியிலிருந்து நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். மணலுக்கடியில் முட்டை இருப்பது மேலிருந்து தெரியாது.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் நம் ஊருக்குத் தேவையில்லை என்பது என் முடிவு. தரை இடைவெளி ஏற்கனவே 226 மில்லிமீட்டர். முன்பக்கம் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன்) என்பதால், உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடும், பூட் சீக்கிரம் கிழியும். கிழிந்த பூட்டில் உப்பும் மணலும் புகுந்தால் ஜாயின்ட் போச்சு.

பம்பருக்கு முன்னால் வைக்கும் இரும்பு புல் பார் மாட்டவே மாட்டாதீர்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை சொல்லிவிட்டது. தெருவில் நடக்கிறவர் மீது மோதினால் அவருக்கு எமன், ஏர்பேக் வேலை செய்யும் விதத்தையும் அது கெடுக்கும். வண்டியின் அடிப்படை வடிவத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

மீட்புக்கு ஒரு நல்ல கயிறும் அதை வண்டியில் பூட்ட இரண்டு ஷேக்கிளும் வாங்குங்கள். காசிமேட்டில் அருமையான போட்டுக் கயிறு கிடைக்கும், ஆனால் எத்தனை டன் தாங்கும் என்று அச்சிட்டிருக்காது. ஜீப்பை இழுக்க எடை குறித்த கயிறுதான் வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கொக்கி போடக்கூடாது. அது பிடுங்கிக்கொண்டு வந்தால் குண்டுபோல் பறக்கும். இழுக்கும்போது கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்க விடாதீர்கள்.

அக்டோபருக்கு முன்னால் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து என்ஜின் பாதுகாப்பு ஆட் ஆன் இருக்கிறதா பாருங்கள். சாதாரண பாலிசியில் வெள்ளத் தண்ணீர் புகுந்த என்ஜினுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். மாட்டிய உபரிச் சாமான்களையும் பாலிசியில் எழுத வையுங்கள். வண்டி மூழ்கிவிட்டால் சாவியைத் தொடாமல், பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கட்டி இழுக்காமல் பிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.