கண்ணு தெரியாத அறிஞர் ஹனவா ஹொகீச்சியோட மியூசியத்துக்கு போறது எப்படி

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்தவங்க, டூர் வர்றவங்க யாரா இருந்தாலும் சரி, அரை நாள் கையில இருந்தா இந்த மனுஷனோட இடத்துக்கு போயிட்டு வாங்க. ஹனவா ஹொகீச்சி, 1746-ல பொறந்தவர், ஏழு வயசுல பார்வை முழுசா போயிடுச்சு, அப்படிப்பட்டவர் ஜப்பான் பூரா சிதறிக் கிடந்த பழைய ஏடுகளையெல்லாம் தேடி, ஒப்பிட்டு, 666 வால்யூமா அச்சுல கொண்டு வந்திருக்கார். நம்ம உ.வே.சா ஓலைச்சுவடி தேடி ஊர் ஊரா அலைஞ்ச கதை தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலைன்னு சொல்லத் தேவையில்ல. அந்த வேலைய ஒரு எழுத்து கூட கண்ணால பாக்காம ஒருத்தர் செஞ்சிருக்கார், அதான் விஷயம்.

அவர் நினைவா ரெண்டு இடம் இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஒண்ணு டோக்கியோ ஷிபுயாவுல ஒன்கோ கக்காய்ங்கிற சங்கத்தோட கட்டிடம், அங்க தான் அவர் செதுக்க வச்ச மர அச்சுப் பலகைகள் இருக்கு. இன்னொண்ணு அவர் சொந்த ஊர்ப் பக்கம், சைதாமா மாநிலத்துல ஹொன்ஜோ நகரத்துக்குள்ள வர்ற கொடாமாங்கிற இடத்துல இருக்கிற நினைவு மியூசியம், அங்க அவர் பயன்படுத்துன பொருளெல்லாம் இருக்கு. நேரம் கம்மின்னா ஷிபுயா மட்டும் போதும். ஒரு நாள் முழுசா இருந்தா கொடாமாவுக்கும் போங்க, என்னைக் கேட்டா மனசுல ரொம்ப நாள் நிக்கிறது அந்த ஊர் தான்.

போறதுக்கு முன்னாடி அவர் கதைய கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா ரெண்டு இடத்துலயும் பத்து நிமிஷத்துல சுத்திப் பாத்துட்டு வெளிய வந்துடுவீங்க. ரெண்டும் சின்ன இடம், பளபளன்னு ஸ்க்ரீன் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீங்க.

கதை இது தான். விவசாயக் குடும்பம், பன்னெண்டு வயசுல அம்மா தவறிட்டாங்க. பதினஞ்சு வயசுல எதோவுக்கு, அதாவது இன்னைக்கு டோக்கியோவா இருக்கிற ஊருக்கு வந்துட்டார். அந்தக் காலத்துல அங்க பார்வை இல்லாதவங்களுக்குன்னு தனி சங்கம் இருந்துச்சு, அதுல சேந்து இசை, அக்குபங்சர், மசாஜ் இதுல ஒண்ணக் கத்துக்கிட்டு பிழைக்கணும், படிப்படியா பதவி ஏறணும், மேல இருக்கிற பதவிக்கு கெங்யோன்னு பேர். இவருக்கு ஷாமிசென்ங்கிற மூணு தந்தி வாத்தியம் வாசிக்கவும் வரல, ஊசி குத்தவும் வரல, மனசு ஒடஞ்சு உயிர விடப் போனார்னு கூட சொல்றாங்க. ஆனா கேட்டதெல்லாம் அப்படியே மனசுல நிக்கும். அதப் புரிஞ்சுக்கிட்ட குரு அமெதோமி கெங்யோ, சரி மூணு வருஷம் உனக்குப் பிடிச்ச படிப்ப படி, அதுல தேறலன்னா ஊருக்கு அனுப்பிடுவேன்னு சொல்லி செலவ ஏத்துக்கிட்டார். நல்ல வாத்தியார் கிடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க. பின்னாடி அந்த குருவோட குடும்பப் பேர தான் இவர் ஹனவான்னு தனக்கு வச்சுக்கிட்டார்.

இங்க ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, அப்போ பிரெய்ல், அதாவது விரலால தடவிப் படிக்கிற புள்ளி எழுத்து கிடையாது. லூயி பிரெய்ல் பொறந்ததே 1809-ல, ஜப்பானிய மொழிக்கு பிரெய்ல் வந்தது 1890-ல, இவர் 1821-லயே போய்ச் சேந்துட்டார். அதனால படிப்புன்னா பக்கத்துல ஒருத்தர் உக்காந்து சத்தமா படிச்சுக் காட்டணும், இவர் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கணும், அவ்வளவு தான். 1779 வாக்குல இந்தத் தொகுப்ப கொண்டு வரணும்னு சங்கல்பம் எடுத்து, 1793-ல அரசாங்க ஆதரவோட வகாகு கோதான்ஷோன்னு ஒரு கல்விக்கூடம் ஆரம்பிச்சு, 1819-ல தான் வேலை முடிஞ்சுது, நாப்பது வருஷம். தொகுப்போட பேர் குன்ஷோ ருயிஜூ, அதுல 1,270-க்கு மேல பழைய நூல்கள் இருக்கு.

இப்ப ஷிபுயாவுக்கு வருவோம். ஷிபுயா ஸ்டேஷன்ல இறங்கி கொகுகாகுயின் யுனிவர்சிட்டி இருக்கிற பக்கமா நடந்தா கால் மணி நேரம். மேடு ஏற முடியாதவங்க, பெரியவங்கள கூட்டிட்டுப் போறவங்க ஸ்டேஷனோட கிழக்குப் பக்கத்துல இருந்து அந்த யுனிவர்சிட்டி வழியா போற பஸ்ஸ பிடிச்சுக்கலாம், யுனிவர்சிட்டி ஸ்டாப்ல இறங்கினா கிட்ட தான். வார நாள்ல போங்க, அதுவும் முதல் நாள் போன் பண்ணி நாங்க வர்றோம், பலகைகள பாக்கலாமான்னு கேட்டுட்டுப் போங்க. நான் முதல் தடவ எதையும் விசாரிக்காம சனிக்கிழமை போய் மூடுன கதவ பாத்துட்டுத் திரும்பி வந்தேன், இத்தனைக்கும் ஷிபுயாவுல இருந்து அரை மணி நேரத்துல இருக்கிறவன். ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு அந்த ஒரு நாள் போச்சுன்னா போனது தான்.

கட்டிடம் 1927-ல கட்டுன ரெண்டு மாடி கான்கிரீட் கட்டிடம், வாசல்ல ஹொகீச்சி உக்காந்திருக்கிற சிலை இருக்கு. உள்ள தான் அந்த அச்சுப் பலகைகள், மொத்தம் 17,244. சகுரா மரத்துல செஞ்சது, பெரும்பாலும் ரெண்டு பக்கமும் எழுத்து செதுக்கியிருப்பாங்க, அலமாரி அலமாரியா அடுக்கியிருக்கும். அந்த ரூமுக்குள்ள நுழைஞ்ச உடனே போன எடுத்து படம் பிடிக்க ஆரம்பிச்சிடாதீங்க, முதல்ல அப்படியே நில்லுங்க. பழைய மரமும் மையும் கலந்த ஒரு வாசனை வரும், அலமாரிக்கு நடுவுல நின்னு ஒரு வரிசைய மட்டும் மேல இருந்து கீழ எண்ணிப் பாருங்க, அப்ப தான் பதினேழாயிரம்ங்கிறது என்னன்னு உடம்புக்குப் புரியும். ஒவ்வொரு பலகையிலயும் எழுத்து கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பி இருக்கும், தப்பு வந்தா அந்த இடத்த மட்டும் தோண்டி எடுத்துட்டு வேற துண்டு வச்சு மறுபடி செதுக்கணும். இதெல்லாம் காட்சிக்கு வச்ச பொருள் மட்டும் இல்ல, இன்னைக்கும் இதுல மை தடவி கையால காகிதம் அச்சடிக்கிறாங்க. 1957-ல அரசு இத முக்கிய கலாச்சாரச் சொத்தா அறிவிச்சிருக்கு, அதனால கேக்காம தொடாதீங்க, பை தோள்ல தொங்குச்சுன்னா முன்னாடி மாத்திக்கோங்க, வழி குறுகலா இருக்கும்.

1945-ல டோக்கியோ மேல குண்டு விழுந்து ஊரே எரிஞ்சப்பவும் இந்தக் கட்டிடமும் பலகையும் தப்பிச்சிடுச்சு. இத அங்க நின்னு யோசிச்சா வேற மாதிரி இருக்கும்.

பலகைய கிட்ட பாக்கும்போது ஒரு பக்கத்துக்கு எத்தனை எழுத்துன்னு கவனிங்க. ஒரு வரிக்கு இருபது எழுத்து, இருபது வரி, மொத்தம் 400. ஜப்பான்ல ஸ்கூல் பசங்க கட்டுரை எழுதுற 400 கட்டம் போட்ட தாள் இருக்கே, அதுக்கு ஆரம்பம் இது தான்னு சொல்றாங்க.

அங்கயே கண்ணும் தெரியாத, காதும் கேக்காத அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்துட்டுப் போன விஷயமும் இருக்கு, அத விட்டுடாதீங்க. 1937 ஏப்ரல்ல அவங்க இங்க வந்து ஹொகீச்சியோட சின்னச் சிலையையும் அவர் பயன்படுத்துன மேசையையும் கையால தடவிப் பாத்திருக்காங்க. சின்ன வயசுல அம்மா இவரப் பத்தி சொல்லி இவர மாதிரி இருக்கணும்னு சொல்லி வளத்தாங்களாம், அமெரிக்காவுல ஒரு அம்மா தன் பொண்ணுக்கு இவர உதாரணமா சொல்லியிருக்காங்க. நமக்கு இவர் பேரே இவ்வளவு நாள் தெரியலையேன்னு எனக்கு அப்ப ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

மொழிப் பிரச்சனை பத்தி சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் இதுக்குப் பயந்து தான் சின்ன மியூசியம் பக்கமே போறதில்ல. விளக்கமெல்லாம் பெரும்பாலும் ஜப்பானிய எழுத்துல தான். எனக்குப் பேசுனா புரியும், காஞ்சிங்கிற, சீனாவுல இருந்து வந்த எழுத்து படிக்க வராது, அதனால என் கூட வந்த ஃப்ரெண்டு ஒவ்வொரு அட்டையா நின்னு மெதுவா சத்தமா படிச்சுக் காட்டுனான், நான் கேட்டுக்கிட்டே வந்தேன். பாதி தூரம் போனதுக்கு அப்புறம் தான் உறைச்சுது, அந்த மனுஷன் வாழ்நாள் பூரா படிச்சது இப்படித்தானேன்னு. அதுக்கப்புறம் நான் வேணும்னே கண்ண மூடிக்கிட்டு கேட்டேன், ரெண்டு வரி மனசுல நிக்கவே கஷ்டமா இருந்துச்சு, மூணாவது வரி வரும்போது முதல் வரி போயிடுது. அதனால சொல்றேன், முடிஞ்சா தனியா போகாதீங்க, படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. யாரும் கிடைக்கலன்னா போன்ல மொழிபெயர்ப்பு ஆப் போட்டு அட்டைய காட்டி, இயர்போன்ல சத்தமா படிக்க விட்டுக் கேளுங்க, திரையில படிக்கிறத விட இது இங்க பொருத்தமா இருக்கும். வருஷம், பேர் எல்லாம் ஆப் தப்புத் தப்பா சொல்லும், அத மட்டும் நம்பிடாதீங்க.

பார்வை இல்லாத நண்பர்கள், குடும்பத்து ஆளுங்க கூட போறீங்கன்னா முன்னாடியே போன்ல அத சொல்லிடுங்க, எதைத் தொட்டுப் பாக்கலாம்னு அப்பவே கேட்டு வச்சுக்கோங்க. வாசல்ல போய் நின்னு கேக்கறத விட அவங்களுக்கும் ஏற்பாடு பண்ண நேரம் கிடைக்கும்.

இனி கொடாமா. ஹாச்சிகோ லைன்ல கொடாமா ஸ்டேஷன்னே ஒண்ணு இருக்கு, ஆனா அது டீசல் வண்டி ஓடுற சின்ன லைன், கிட்டத்தட்ட மணிக்கு ஒரு வண்டி தான். உவேனோவுல இருந்து தகாசாகி லைன் பிடிச்சு ஹொன்ஜோவுல இறங்கி அங்கிருந்து பஸ்ல போகலாம், ரயில் மட்டும் ஒண்ணரை மணி நேரம் ஆகும். அவசரம்னா ஷின்கான்சென்ங்கிற புல்லட் ரயில்ல ஹொன்ஜோ வசேதா ஸ்டேஷன் வரைக்கும் வரலாம், காசு அதிகம். எதுல போனாலும் இறங்கின உடனே திரும்பி வர்ற வண்டி டைம் போர்ட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. திங்கக்கிழமை மியூசியம் லீவு, அன்னைக்குப் போயிடாதீங்க.

மியூசியம் தனிக் கட்டிடம் இல்ல, ஆஸ்பியா கொடாமான்னு ஒரு பொதுக் கட்டிடத்துக்குள்ள இருக்கு, உள்ள போக காசு கிடையாது. அங்க முதல்ல தேட வேண்டியது அம்மா கையால தைச்சுக் கொடுத்த சுருக்குப் பை. ஊர விட்டுக் கிளம்பும்போது கையில இருந்த மொத்தக் காசே 23 மோன், அதாவது அந்தக் காலத்துச் சின்னக் காசு தான், அது இந்தப் பையில இருந்துச்சுன்னு சொல்வாங்க. எல்லா அம்மாவும் இடுப்புல சொருகி வச்சிருக்கிற அதே மாதிரி பை தான். அவ்வளவு பெரிய பதவிக்கு வந்த பிறகும் அத விடாம வச்சிருந்திருக்கார். அது முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னேன், வேற எதையும் உடனே பாக்கத் தோணல.

அங்கயே கேட்டா அவர் பொறந்த வீட்டுக்கு வழி சொல்வாங்க, ஹொகினோங்கிற கிராமத்துல கூரை வேஞ்ச பழைய விவசாயி வீடு, 1944-ல இருந்து தேசிய வரலாற்றுச் சின்னம். வெளிய இருந்து மட்டும் பாருங்க, வாசல்ல நின்னு சத்தம் போடாதீங்க, கேட்டைத் தள்ளிக்கிட்டு உள்ள போகாதீங்க.

பசங்கள கூட்டிட்டுப் போனா ரயில்ல இந்தக் கதைய சொல்லுங்க. ஒரு ராத்திரி ஹொகீச்சி பாடம் நடத்திட்டு இருக்கும்போது காத்துல விளக்கு அணைஞ்சு போச்சாம், சிஷ்யங்க எல்லாம் இருங்க இருங்க ஒண்ணும் தெரியலன்னு பதற, இவர் சிரிச்சுக்கிட்டே கண்ணு தெரியிறவங்களுக்குத் தான் எவ்வளவு சிரமம்னாராம். இன்னொண்ணு பொண்ணு பிள்ளைங்களுக்குக் கண்டிப்பா சொல்லுங்க. பழைய சட்ட விளக்க நூல் ஒண்ண ஹொகீச்சி அச்சுல கொண்டு வந்திருந்தார், அதுல அந்தக் காலத்துலயே பெண் வைத்தியர் இருந்ததுக்கு ஆதாரம் இருந்துச்சு. அதக் காட்டித் தான் பெண்கள டாக்டர் பரீட்சை எழுத விடணும்னு வாதாடுனாங்க, 1885-ல ஒகினோ கின்கோ ஜப்பானோட முதல் லைசென்ஸ் வாங்கின பெண் டாக்டர் ஆனாங்க. அவங்களும் இதே சைதாமாக்காரங்க. இவர் போய் அறுபது வருஷத்துக்கு மேல ஆன பிறகு இவர் அச்சடிச்ச ஏடு ஒரு பொண்ணுக்குக் கதவத் திறந்து விட்டிருக்கு.

சமாதிக்கும் போகணும்னு நினைக்கிறவங்களுக்கு, அது டோக்கியோவுல யோட்சுயா பக்கம் ஐசென்-இன் கோயில்ல இருக்கு. ஷிபுயா போற அன்னைக்கே சேத்துக்கலாம், நேரம் இடிக்காது.

திரும்பி வரும்போது ஏதாவது ஸ்டேஷனரி கடையில அந்த 400 கட்டம் போட்ட தாள் ஒரு கட்டு வாங்கிக்கோங்க, எங்கயும் கிடைக்கும். என் பொண்ணு அதுல தான் இப்ப தமிழ் எழுதிப் பழகுறா, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து.