கூட்டு புரபோசலில் நான் விழுந்த குழி

போன வாரம் ஒரு தம்பி, தொண்டு அமைப்புகள் சில சேர்ந்து நிதி கேட்கும் கூட்டு புரபோசல் ஒன்றை அனுப்பி, "அண்ணே, ஒரு பார்வை பாத்துடுங்க" என்றான். பார்ட்னர் பக்கத்தில் நாலு லோகோ. பட்ஜெட்டில் ஏழாவது வரி: "பங்காளி அமைப்புக்கு நிதிப் பகிர்வு". பணம் வருவதோ ஜெர்மனியிலிருந்து. 2021-இல் நான் போட்ட அதே வரி!

கூட்டல் தப்பு, கடைசித் தேதி எல்லாம் ஒருமுறை பட்டால் புரிந்துவிடும். விடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தைப் பங்கு போடுவது

முன்பெல்லாம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அமைப்பு, அதே பதிவுள்ள இன்னொரு அமைப்புக்குப் பணத்தை மாற்றிவிடலாம். அந்தச் சட்டத்துக்கு வந்த 2020 செப்டம்பர் திருத்தம், 7-வது பிரிவில் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இருவருக்கும் பதிவு இருந்தாலும் கூடாது.

எனக்கு இது தெரியாமல் இல்லை. பழைய புரபோசலைக் காப்பி அடித்தேன், வரியும் கூடவே வந்துவிட்டது. பணம் தரும் ஃபண்டரும் கவனிக்கவில்லை. கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு ஆடிட்டர் பென்சிலால் அந்த வரியைச் சுழித்தார். "இதை அனுப்பினா உங்க பதிவுக்கே ஆபத்து சார்." அதற்குள் நாகப்பட்டினத்துப் பார்ட்னர் அக்கா, என் வாய்வார்த்தையை நம்பி இரண்டு களப்பணியாளர்களை வேலைக்குச் சேர்த்திருந்தார். நாலு மாதச் சம்பளம் அவர் திரட்டிய உள்ளூர் நன்கொடையில் போனது. அப்புறம் என் போனை அவர் எடுக்கவே இல்லை.

"கன்சல்டன்சி பில் போட்டுக்கலாமே" என்று யோசனை சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். பில்லின் பெயரை மாற்றினாலும் கைமாறுவது அதே பணம்தான்.

வழி இரண்டு. பார்ட்னருக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தால், ஃபண்டர் அவர்களோடு தனி ஒப்பந்தம் போட்டு, வெளிநாட்டுப் பணம் வாங்கவென்றே அவர்கள் வைத்திருக்கும் டெல்லி எஸ்.பி.ஐ. கணக்குக்கே நேரடியாக அனுப்பட்டும். இல்லையென்றால் பயிற்சியாளர் சம்பளம், வேன் வாடகை, சாப்பாட்டு பில் எல்லாம் நம் கணக்கிலிருந்து நாமே கட்ட வேண்டும். எந்த வழி என்பதைப் பார்ட்னரோடு உட்கார்ந்து முதலில் முடிவு செய்யுங்கள். பட்ஜெட் ஷீட்டை அப்புறம் திறக்கலாம்.

ஆதரவுக் கடிதம்

மூன்று லெட்டர்ஹெட்டில் ஒரே கடிதம், அதே இடத்தில் அதே எழுத்துப்பிழை. நானே அனுப்பியிருக்கிறேன். எந்த ஊர், எத்தனை நாள், யார் வருவார்கள் என்று பார்ட்னர்களே எழுதட்டும். இரண்டு வரி போதும்.

சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் என்றால்

அந்தப் பணத்தில் வேலை செய்ய அரசிடம் பதிந்து பார்ட்னர் வாங்கிய சி.எஸ்.ஆர்-1 எண்ணைக் கையில் வாங்குங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்பது எண் ஆகாது.

லோகோ

கேட்காமல் போடாதீர்கள். தம்பி போட்ட நாலில் ஒன்று, இழுத்து மூடி இரண்டு வருஷமான அமைப்பு.