அமீரகத்தில் ஆசிரியர் பணி: வேலை விசாவுக்கான ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் முறை

துபாய், ஷார்ஜா, அபுதாபி ஆகிய இடங்களில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரல் மாதத்தில் கல்வியாண்டைத் தொடங்குகின்றன. அவற்றில் பணி தேடும் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலர், நேர்காணலில் தேறிவிட்டால் இனி விசா ஒன்றுதான் பாக்கி என்று நினைக்கிறார்கள். உண்மையில் விசாவுக்கு விண்ணப்பிப்பதும் கட்டணம் செலுத்துவதும் பள்ளியின் வேலை. ஆவணங்கள் சரியாக இருந்தால் அது விரைவாகவே முடியும். நாள்களை விழுங்குவது அதற்கு முந்தைய வேலை, அதாவது நம் சான்றிதழ்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அரசு முத்திரைகளைப் பெறும் சான்றொப்ப வேலை. பணி நியமனக் கடிதம் கைக்கு வந்தபின் அதைத் தொடங்கியவர்கள் ஏப்ரலைத் தவறவிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே விண்ணப்பம் அனுப்ப எண்ணும் நாளிலேயே, வேலை உறுதியாகும் முன்பே, இந்தப் பணியைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் பெயர்

சான்றொப்பத்துக்கு எதையும் அனுப்பும் முன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், பட்டம், பி.எட். பட்டம், பாஸ்போர்ட், திருமணமானவர் எனில் திருமணப் பதிவுச் சான்றிதழ் ஆகிய அனைத்தையும் மேசைமேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மற்ற மாநிலத்தவரைவிட நமக்கு இந்தச் சிக்கல் அதிகம், ஏனெனில் நாம் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டிலோ இயற்பெயருக்கு ஓர் இடமும் குடும்பப் பெயருக்கு ஓர் இடமும் உண்டு. இரண்டாவது இடத்தை வெறுமையாக விட்டு, ஒரே சொல்லாகப் பெயரை வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

2022 நவம்பரில், ஒற்றைச் சொல்லாக மட்டும் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுடன் வரும் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று அமீரகம் அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் அதன்பின் வந்தது என்றாலும், விமான நிலைய முகப்பில் நின்று அந்த விளக்கத்தை எடுத்துச் சொல்லும் நிலைக்கு உங்களை ஆளாக்கிக்கொள்ள வேண்டாம். இனிஷியலை விரித்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயர் என்னும் இடத்தில் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வதே பாதுகாப்பு. எஸ். கவிதா என்று சான்றிதழ்களில் இருப்பவர், கவிதா சுப்பிரமணியன் என்று பாஸ்போர்ட் எடுத்தால், அந்த எஸ் எதைக் குறிக்கிறது என்பதற்குத் தந்தை பெயர் அச்சிடப்பட்ட பள்ளிச் சான்றிதழே சான்றாக நிற்கும்.

திருமணமான பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சான்றிதழ்களில் தந்தையின் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரும் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையவையே என்று ஒவ்வொரு மேசையிலும் நிரூபிக்க நேரும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயருக்கென்று தனியிடம் இருக்கிறது. ஆகவே உங்கள் பெயரைக் கல்விச் சான்றிதழ்களில் உள்ளபடியே வைத்துக்கொண்டு, கணவர் பெயரை அந்த இடத்தில் மட்டும் எழுதுவது நல்லது. ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் திருமணப் பதிவுச் சான்றிதழுக்கும் சான்றொப்பம் பெற்றுக் கையில் வைத்திருக்கட்டும். எழுத்துப் பிழை சான்றிதழிலேயே இருக்குமானால், பள்ளிச் சான்றிதழுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தையும், பட்டத்துக்கு அதை வழங்கிய பல்கலைக்கழகத்தையும் அணுகித் திருத்தம் கோர வேண்டும். பெயரையே மாற்றிக்கொண்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசிதழில் வெளியான அறிவிப்பு தேவை. இவை எல்லாம் நாள் பிடிப்பவை என்பதால்தான் பெயரை முதலில் வைத்தேன்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே அதில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் சிலருக்கு அந்த அனுமதி வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு வேண்டியதில்லை. படிக்கும் வயதிலோ அதற்கு முன்போ எடுத்த பழைய பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு மாறாமல் இருந்தால், பத்தாம் வகுப்புச் சான்றைக் காட்டி நீக்கிக்கொள்ளலாம்.

சான்றிதழ்களும் முத்திரைகளும்

ஆசிரியருக்குச் சான்றொப்பம் தேவைப்படுபவை முதன்மையாக இரண்டு: பட்டமும் பி.எட். பட்டமும். முதுகலைப் பட்டத்தின் அடிப்படையில் மேல்நிலை வகுப்புகளுக்கு நியமிக்கப்படுபவர் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே பலர் இடறுவது புரொவிஷனல் என்று நாம் சொல்லும் தற்காலிகச் சான்றிதழில். படித்து முடித்துப் பத்தாண்டு ஆன பிறகும் பட்டமளிப்புச் சான்றிதழை வாங்காமல் புரொவிஷனலையே வைத்துக் காலம் தள்ளுபவர்கள் உண்டு; உள்ளூர்ப் பள்ளிகள் கேட்பதில்லை என்பதால் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. சான்றொப்பச் சங்கிலியில் அது செல்லாது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திலோ, அதற்கு முந்தைய காலத்தில் வேறு பல்கலைக்கழகத்திலோ பி.எட். முடித்தவர்கள், பட்டமளிப்புச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றே விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொரு தடை லேமினேஷன். சான்றிதழைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற அக்கறையில் நம் பெற்றோர் செய்துவைத்தது அது. ஆனால் முத்திரைகளும் கையொப்பங்களும் சான்றிதழின் பின்புறத்தில் இடப்படுவதால், பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழை அலுவலகங்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. வீட்டில் இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிப் பிரிக்கப் பார்ப்பவர்கள் எழுத்தையும் சேர்த்து உரித்துவிடுகிறார்கள். கைதேர்ந்தவரிடம் கொடுங்கள், அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் படிக்கு விண்ணப்பியுங்கள்.

சங்கிலியின் வரிசை இதுதான். முதலில் மாநில அரசின் சான்றொப்பம்: தமிழ்நாட்டில் பெற்ற கல்விச் சான்றிதழுக்கு மாநிலக் கல்வித்துறை, பல்கலைக்கழகத்திடம் உண்மைத்தன்மையை உறுதிசெய்துகொண்டு ஒப்பமிடும். வேறு மாநிலத்தில் படித்திருந்தால் அந்த மாநிலத்தில்தான் இது நடக்கும், பெங்களூரில் பி.எட். முடித்த சென்னைக்காரர் கர்நாடக அரசின் ஒப்பத்தைப் பெற வேண்டும். இரண்டாவது, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம். 2012 முதல் அமைச்சகம் தனிநபர்களிடம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை; அமைச்சகம் அமர்த்தியுள்ள சேகரிப்பு நிறுவனங்களில் ஒன்றின் வழியாகவே கொடுக்க வேண்டும். 2019 முதல் இந்தப் பணி சென்னையிலும் நடப்பதால் டெல்லிக்கு அனுப்பிக் காத்திருக்கும் தேவை குறைந்திருக்கிறது. மூன்றாவது, இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம் அல்லது துணைத் தூதரகத்தின் சான்றொப்பம். சென்னையில் அமீரகத் துணைத் தூதரகம் இல்லை என்பதால், பெரும்பாலானோர் இந்தப் படிக்கு ஒரு ஏஜென்ட்டை நாடுகிறார்கள். நான்காவதாக, அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம் ஒப்பமிடும். அதற்குச் சான்றிதழ் ஒன்றுக்கு 150 திர்ஹாம் கட்டணம்.

இரண்டாவது படியில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. ஒரே முத்திரையோடு ஒருவர் ஆவணத்தை மற்றவர் ஏற்க நாடுகள் செய்துகொண்ட அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தது. ஓமன், பஹ்ரைன், 2022 முதல் சவுதி அரேபியா ஆகியவையும் அதில் இருப்பதால், அங்கே செல்வோருக்கு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டு ஒன்றே தூதரக முத்திரைக்கு ஈடாகும். அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லாத நாடாகவே இருந்துவந்திருக்கிறது. அங்கே செல்பவர் கேட்க வேண்டியது அப்போஸ்டில் அல்ல, தூதரகத்துக்கு முந்தைய சாதாரணச் சான்றொப்பம். விண்ணப்பப் படிவத்தில் நாட்டின் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுத்தாலே இந்தத் தவறு நேராது. விரைவாக முடித்துத் தருகிறோம் என்று மாநிலச் சான்றொப்பத்துக்கு மாற்று வழி காட்டும் ஏஜென்ட்டுகளும் உண்டு. அந்த வழியைப் பள்ளி ஏற்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகே சான்றிதழைக் கைமாற்றுங்கள். கொடுக்கும் முன் இருபுறமும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, எந்தச் சான்றிதழை எந்த நாளில் கொடுத்தோம் என்று எழுதிய ரசீதும் பெற்றுக்கொள்ளுங்கள்.

தொலைதூரக் கல்வியில் பட்டம் பெற்றவர்கள் அதை நேர்காணலிலேயே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமீரகத்தில் வெளிநாட்டுப் பட்டங்களை ஆராய்ந்து ஏற்பு வழங்கும் அரசு நடைமுறை இருக்கிறது. பட்டத்தை எப்படிப் படித்தீர்கள் என்ற கேள்வி அந்த ஆய்வில் எழும். பணியை விட்டு, வீட்டைக் காலி செய்து, விமானம் ஏறிய பிறகு அந்தக் கேள்வியைச் சந்திப்பது மிகவும் கொடுமையானது. பட்டத்தில் உள்ள பாடமும் கற்பிக்கப்போகும் பாடமும் பொருந்துகின்றனவா என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் பள்ளி உங்களை நியமிக்கத் தனியே ஒப்புதல் பெற வேண்டும். துபாயில் அதற்குக் கே.எச்.டி.ஏ. என்ற ஆணையமும், அபுதாபியில் அடெக் என்ற கல்வித்துறையும், ஷார்ஜாவில் அந்த எமிரேட்டின் தனியார் கல்வி ஆணையமும் பொறுப்பு.

இவற்றோடு பணி அனுபவச் சான்றும் காவல்துறைத் தடையின்மைச் சான்றும் வேண்டும். முன்னதில் சேர்ந்த நாள், விலகிய நாள், கற்பித்த வகுப்பு, பாடம் ஆகியவை இருக்கட்டும். நற்பண்பு உடையவர் என்ற ஒற்றை வரிச் சான்று போதாது. கல்வி அலுவலரின் மேலொப்பத்தைப் பள்ளி கேட்டால், வேலையை விட்டு விலகும் முன்பே பெற்றுவிடுங்கள், விலகிய பிறகு பழைய நிர்வாகத்தின் கதவைத் தட்டுவது கடினம். தடையின்மைச் சான்றைப் பாஸ்போர்ட் சேவா இணையதளம் வழியாக 500 ரூபாய் கட்டணத்தில் பெறலாம். அது நாளாகிவிட்டால் ஏற்கப்படாது என்பதால், இதை மட்டும் கடைசியில் எடுப்பது நல்லது.

ஒப்பந்தமும் பணமும்

பள்ளி மின்னஞ்சலில் அனுப்பும் நியமனக் கடிதம் வேறு, அமீரக மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் வரும் பணி வாய்ப்புக் கடிதம் வேறு. பின்னதே சட்டப்படி உங்களைக் காப்பது. அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளி அறிந்த மொழியிலும் அந்தக் கடிதம் கிடைக்க வேண்டும் என்பது விதி. அமைச்சகம் வைத்துள்ள மொழிகளில் தமிழும் ஒன்று. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் தமிழ்ப் படியைக் கேட்டு வாங்கி வீட்டாரோடு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடிப்படைச் சம்பளம் தனியாகவும் படிகள் தனியாகவும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது: முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் 30 நாள். மொத்தத் தொகை பெரிதாகவும் அடிப்படைச் சம்பளம் சிறிதாகவும் இருந்தால் இழப்பு உங்களுக்கே.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி தகுதிகாண் காலம் ஆறு மாதத்தை மீறக் கூடாது. ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கவும் கூடாது. ஆகவே விசாவுக்கென்று பள்ளியின் பெயரால் யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்தியாவில் பதிவுபெற்ற ஆளெடுப்பு முகவர் தம் சேவைக்கு வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். முகவர் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆளெடுப்பில் ஈடுபடுவதால், அங்கே பதிவு செய்துவைப்பதும் பயன் தரும்.

சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களுக்கு இணங்காதீர்கள். வேலை அனுமதி இல்லாமல் வகுப்பில் நின்று பாடம் நடத்துவது அங்கே சட்டமீறல். சம்பளம் தராமல் போனாலும் முறையிட உங்கள் கையில் எந்தத் தாளும் இருக்காது. வேலைக்கான நுழைவு அனுமதி உங்கள் பெயரில், சரியான பாஸ்போர்ட் எண்ணுடன், சரியான பதவிப் பெயருடன் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம். உங்கள் பள்ளி கேட்கும் முன்னறிவிப்புக் காலத்தைப் புதிய பள்ளியிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தால் இதற்கு அவர்கள் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

இறங்கிய பிறகு

நுழைவு அனுமதியில் இறங்கியவர் 60 நாளுக்குள் வதிவிட நடைமுறைகளை முடிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் உண்டு, எச்.ஐ.வி. தொற்றும் நுரையீரல் காசநோயும் முதன்மையாகப் பார்க்கப்படுகின்றன. முன்பு காசநோய்க்குச் சிகிச்சை எடுத்துக் குணமானவர்கள், கிளம்பும் முன்பே ஊரில் ஒரு எக்ஸ்ரே எடுத்து மருத்துவரின் கருத்தையும் சிகிச்சைப் பதிவுகளையும் பெற்றுக்கொள்ளுங்கள். கருவுற்றிருப்பவர்கள் எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு கைரேகைப் பதிவு, எமிரேட்ஸ் அடையாள அட்டை, வதிவிட அனுமதி என்று பள்ளியின் அலுவலரே அழைத்துச் செல்வார்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். அதற்குத் திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் மேற்சொன்ன அதே சங்கிலியைக் கடந்திருக்க வேண்டும் என்பதால், ஊரில் இருக்கும்போதே பட்டத்தோடு சேர்த்து அவற்றையும் அனுப்பிவிடுங்கள். நடைமுறைகளுக்காகப் பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் பள்ளி அலுவலகம் வாங்கினால், எந்த வேலைக்கு, எந்த நாள்வரை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் திரும்பக் கேளுங்கள்; தொழிலாளியின் ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் எந்த நிர்வாகத்துக்கும் உரிமை தரவில்லை.