பழைய தோரன்ஸ் டிடி 160-இல் ரேகா டோன்ஆர்ம் பொருத்துவது எப்படி?

தோரன்ஸ் டிடி 160 டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) 1970-களில் வந்தது. 1883-இல் சுவிட்சர்லாந்தில் இசைப்பெட்டி செய்யத் தொடங்கிய நிறுவனம் தோரன்ஸ். இந்த மாடல் ஜெர்மனியின் லார் என்ற ஊரில் தயாரானது. ஐம்பது வருஷம் கழித்தும் இதன் மோட்டாரும் நடு பேரிங்கும் நன்றாகவே ஓடும். வயசு தெரிவது பெரும்பாலும் ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மில்தான். அதைக் கழற்றிவிட்டு, இங்கிலாந்தின் ரேகா நிறுவனத்தின் ஆர்பி 250 ஆர்மைப் பொருத்துவதுதான் இந்த வேலை. நிதானமாகச் செய்கிற யாரும் வீட்டிலேயே செய்யலாம்.

தொடங்கும் முன் ஒன்று. நல்ல ஆர்மைத் தப்பான இடத்தில் பொருத்தினால், சரியாக அமைத்த பழைய ஆர்மைவிட மோசமாகத்தான் ஒலிக்கும். இந்த வேலையின் பலன் முழுக்க அளவெடுப்பதில் இருக்கிறது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

முதலில்: மாற்றத்தான் வேண்டுமா?

டிடி 160-இன் பழைய ஆர்மான டிபி 16-இன் பின்முனையில் உள்ள எதிர் எடையை நகர்த்தி, ஆர்ம் அந்தரத்தில் மிதக்கும்படி வையுங்கள். ஊசிக்கு உறை போட்டிருக்கட்டும். ஆன்டி-ஸ்கேட்டை (ஆர்ம் உட்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) பூஜ்யத்தில் வைத்து லேசாக ஊதிப் பாருங்கள். எங்கும் தடுக்காமல் நகர்ந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது. ஆர்மின் முன்முனையான ஹெட்ஷெல்லைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைக்கும்போது 'டிக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்துவிட்டது.

பேரிங் நன்றாக இருந்தாலும் ஆர்மை மாற்ற இன்னொரு காரணம் உண்டு: எடை. டிபி 16-இன் முதல் வடிவத்தின் செயல்படும் நிறை (ஆடும்போது ஊசிமுனையில் உணரப்படும் எடை) சுமார் 16.5 கிராம், ஆர்பி 250-க்கு சுமார் 11 கிராம். இது ஏன் முக்கியம்? ஆர்மும் கார்ட்ரிட்ஜும் (ஊசி பொருந்திய சிறு பெட்டி) சேர்ந்து ஊசியின் வளைந்துகொடுக்கும் தண்டின் மேல் ஆடுகின்றன. அந்த ஆட்டத்துக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால், நெளிந்த இசைத்தட்டும் நம் காலடி அதிர்வும் ஆர்மை ஆட்டிவைக்கும். ஸ்பீக்கர் கூம்பு சத்தமே இல்லாமல் உள்ளும் வெளியும் போய்வருவது கண்ணுக்கே தெரியும்.

கணக்கு எளிது. ஆர்மின் செயல்படும் நிறையையும் கார்ட்ரிட்ஜ், திருகு இரண்டின் எடையையும் கூட்டி, கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (ஊசித் தண்டு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதன் அளவு) பெருக்குங்கள். அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜின் எடை 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. திருகுக்கு 0.8 கிராம் வைத்துக்கொள்வோம். பழைய ஆர்மில் மொத்தம் 24.5 கிராம், விடை சுமார் 7.2 ஹெர்ட்ஸ். ரேகாவில் 19 கிராம், விடை 8.2 ஹெர்ட்ஸ். எல்லைக்குள் வந்துவிட்டது, இல்லையா? உங்கள் கார்ட்ரிட்ஜுக்கும் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கம்ப்ளையன்ஸ் குறைந்த, விறைப்பான கார்ட்ரிட்ஜ் என்றால் பழைய ஆர்மே பொருத்தமாக இருக்கலாம்.

பழைய ஆர்பி 250 இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். இதற்கு ஒரே துளை, கீழே ஒரு பெரிய நட், அவ்வளவுதான். அதன் பின்னால் வந்த ரேகா ஆர்ம்கள் மூன்று திருகில் உட்காருபவை. வாங்கும்போது அடிப்பாகத்தைக் கட்டாயம் பாருங்கள். பேரிங்கை மேலே சொன்னபடி சோதியுங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம்; ரேகா பேரிங்கை வீட்டில் இறுக்கிச் சரிசெய்ய முடியாது.

கழற்றுதல்

மின்சார பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அடியில் 220 வோல்ட் முனைகள் இருக்கின்றன. கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வெளிச் சுழல்தட்டு, பெல்ட், உள் சுழல்தட்டு என்ற வரிசையில் எடுங்கள். உள் தட்டை நேராக, மெதுவாகத் தூக்க வேண்டும். பேரிங் கிணற்றில் எண்ணெய் இருக்கும். பெட்டியைக் கவிழ்த்தால் எண்ணெய் சிந்தும் என்பதால் அதைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுவரில் சாய்த்து வேலை செய்வது நல்லது. கிணற்று வாயை டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

அடிப்பலகையைக் கழற்றியதும் மூன்று ஸ்பிரிங்கில் தொங்கும் சப்-சேஸிஸ் (சுழல்தட்டையும் ஆர்மையும் தாங்கும் சட்டம்) தெரியும். ஆர்மிலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் ஒரு சிறு முனைப்பட்டையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். தொடுவதற்கு முன் போனில் நாலைந்து படம் எடுத்துவையுங்கள். அப்புறம் சோல்டரிங் அயர்னால் ஒயர்களை விடுவித்து, கீழிருந்து வரும் திருகுகளைக் கழற்றினால் ஆர்ம் தன் பலகையோடு மொத்தமாக மேலே வந்துவிடும்.

இந்த மாடலில் ஆர்ம் உட்காரும் பலகையான ஆர்ம்போர்டு தனியாகக் கழல்வது பெரிய வரம். டிடி 160 சூப்பர் என்ற வகையை ஆர்மே இல்லாமல்தான் விற்றார்கள், வாங்குபவர் தமக்குப் பிடித்ததைப் பொருத்திக்கொள்ளட்டும் என்று. அதனால் ஒரிஜினல் பலகையில் ஒரு துளைகூடப் போடாதீர்கள். ஆர்மோடு அப்படியே சுற்றி, திருகுகளை ஒரு கவரில் போட்டு எடுத்துவையுங்கள். என்றைக்காவது விற்க நேர்ந்தால் அந்தப் பழைய ஆர்முக்கு மதிப்பு உண்டு. முக்கியமாக, ஐம்பது வருஷம் தாங்கிய ஒரு பொருளைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாதபடி வெட்டுவது சரியில்லை.

புதுப் பலகையும் 222 மி.மீ. அளவும்

பழைய பலகையின் அதே தடிமனில் நல்ல பிளைவுட் அல்லது எம்டிஎஃப் வாங்குங்கள். பழையதை மேலே வைத்து பென்சிலால் வரைந்து வெட்டி, உப்புத்தாளால் தேயுங்கள். ரம்பம் பழக்கமில்லை என்றால் தச்சரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். பலகையின் ஓரம் சுற்றியுள்ள உலோகத் தகட்டில் எங்கும் தொடக்கூடாது. தொட்டால் ஸ்பிரிங் இருந்தும் பயனில்லை, மோட்டாரின் அதிர்வு நேராக ஊசிக்கு வந்துவிடும்.

துளை போடாத பலகையைத் திருகிப் பொருத்தி, உள் சுழல்தட்டைத் திரும்ப வையுங்கள். ஸ்பிண்டிலின் (சுழல்தட்டின் நடுக் கம்பி) மையத்திலிருந்து ஆர்ம் பேரிங்கின் மையம் சரியாக 222 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும் என்பது ரேகாவின் அளவு. ஸ்பிண்டிலும் பலகையும் ஒரே சப்-சேஸிஸில் உட்கார்ந்திருப்பதால், அது ஸ்பிரிங்கில் ஆடினாலும் இந்தத் தூரம் மாறாது.

மையத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்து ஸ்கேல் வைக்க வேண்டாம். தடிமனான அட்டையில் ஒரு நீளப் பட்டை வெட்டி, ஒரு முனையில் ஸ்பிண்டில் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். அந்தத் துளையின் மையத்திலிருந்து 222 மி.மீ. தள்ளி ஊசிமுனையால் குத்தி, அதில் கூரான பென்சிலை நுழைத்து, பட்டையைச் சுழற்றிப் பலகையில் ஒரு வில் வரையுங்கள். சரிபார்க்க எஃகு ஸ்கேல் உதவும்: ஸ்பிண்டிலின் விட்டம் சுமார் 7.2 மி.மீ. என்பதால், அதன் அருகு விளிம்பிலிருந்து வில் வரை 218.4 மி.மீ. வர வேண்டும்.

அந்த வில்லில் எந்தப் புள்ளியைத் தேர்ந்தாலும் கோணக் கணக்கு சரியாக வரும். இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஆகவே, எதிர் எடை பின்பக்கம் இடிக்காத, மூடி மூடும்போது தட்டாத, துளையைச் சுற்றிப் போதுமான மரம் இருக்கிற புள்ளியாகப் பார்த்துக் குறியுங்கள். கீழே சப்-சேஸிஸின் உலோகம் நட்டுக்கு வழிவிடுகிறதா என்றும் பாருங்கள்.

பலகையைக் கழற்றி, ஆர்மின் கழுத்தை வெர்னியரால் அளந்து (சுமார் 24 மி.மீ. இருக்கும்) அதற்கேற்ற ஹோல் சா (வட்டத் துளை போடும் ரம்பம்) கொண்டு துளையுங்கள். முதலில் வேண்டாத மரத்துண்டில் ஒரு முறை துளைத்துப் பாருங்கள்.

பொருத்துதலும் ஒயரும்

ஆர்மைத் துளையில் நுழைத்து, நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பானரால் கொஞ்சம் மட்டும் திருப்புங்கள். ஆர்ம் அசையாமல் இருந்தால் போதும்.

ரேகாவின் கேபிள் ஆர்மிலேயே இணைந்து வருகிறது. அது விறைப்பானது என்பதுதான் இங்கே சிக்கல். நேராக இழுத்துக் கட்டினால் சப்-சேஸிஸை ஒரு பக்கம் சாய்த்துவிடும். உள்ளே ஒரு தளர்ந்த வளையம் விட்டு, பின்சுவரில் ஒரு கிளிப் போட்டுப் பிடியுங்கள்.

ஆர்பி 250-க்குத் தனி எர்த் ஒயர் கிடையாது. ஆர்மின் உடல் இடது சேனலின் எதிர்முனை வழியாக எர்த் ஆகிறது. ஆனால் தோரன்ஸின் உலோகப் பாகங்களுக்கு எர்த் வேண்டும். அதற்கு ஒரு தனி ஒயரை ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனைக்குக் கொண்டுபோங்கள். அந்த ஒயரை ஆர்மோடும் சேர்த்துக் கட்டினால் எர்த் சுற்று உருவாகி 'உம்ம்' என்று இரைச்சல் வரும்.

ஸ்பிரிங், கார்ட்ரிட்ஜ், எடை

கார்ட்ரிட்ஜ் ஒயர்களின் நிறம்: சிவப்பு வலது, பச்சை வலது எதிர்முனை, வெள்ளை இடது, நீலம் இடது எதிர்முனை. 2எம் ரெட் உயரமான கார்ட்ரிட்ஜ். ரேகா ஆர்மில் உயரத் திருகு இல்லாததால், ஆர்மின் அடியில் ரேகாவுக்கென்று விற்கும் 2 மி.மீ. வளையம் ஒன்று தேவைப்படும். ஊசி தட்டில் இருக்கும்போது பக்கவாட்டில் பார்த்தால் ஆர்ம் குழாய் தட்டுக்கு இணையாகத் தெரிய வேண்டும்.

எல்லா எடையும் ஏறிய பிறகுதான் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். சுழல்தட்டில் ரசமட்டம் வைத்து, மூன்று நட்டுகளையும் திருகி மட்டப்படுத்துங்கள். அப்புறம் தட்டை லேசாக அமுக்கி விடுங்கள். நேர் செங்குத்தாக மேலும் கீழும் ஆடினால் சரி. பக்கவாட்டில் தள்ளாடினால் கேபிளின் வளையத்தை முதலில் பாருங்கள், ஸ்பிரிங்கை அப்புறம்.

ஊசியின் முனை ஸ்பிண்டில் மையத்தைத் தாண்டி 15 மி.மீ. போக வேண்டும் என்கிறது ரேகா. கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் புரோட்ராக்டர் தாளை அச்செடுத்தால் 100 சதவீத அளவில் வந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஊசி எடையை, எதிர் எடையை நகர்த்தி, சிறிய டிஜிட்டல் தராசில் 1.8 கிராமுக்கு வையுங்கள். ஆன்டி-ஸ்கேட்டும் அதே அளவை ஒட்டி.

சோதிக்க, பெண் குரல் இருக்கிற ஒரு தட்டின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். உட்பக்கப் பள்ளங்களில்தான் தப்பு காட்டிக்கொடுக்கும். 'ஸ', 'ஷ' எழுத்துகள் சிதறினால் முதலில் ஊசியில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு புரோட்ராக்டரில் கோணத்தை. ஒரு சேனலில் மட்டும் சிதறினால் ஆன்டி-ஸ்கேட்டைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்.

புதுப் பலகையில் நட் கொஞ்சம் அமுங்கும், ஸ்பிரிங்கும் புது எடைக்குப் பழக வேண்டும். இரண்டு வாரம் கழித்து நட்டின் இறுக்கத்தையும் மட்டத்தையும் ஊசி எடையையும் இன்னொரு முறை பாருங்கள்.