கொழுப்பு உருக்கும்போது எங்கெல்லாம் சொதப்புகிறோம்

முதல் தப்பு கறிக்கடையிலேயே நடந்துவிடுகிறது. "கொழுப்பு கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கைக்குக் கிடைத்ததை அள்ளிப் பையில் போடுவார்கள். அதில் பாதி ஜவ்வும் கறித்துணுக்கும்தான். குண்டிக்காயைச் சுற்றியிருக்கும் கொழுப்பு வேண்டும் என்று கேளுங்கள். ஆடோ மாடோ, அதுதான் வெள்ளையாக, கெட்டியாக, கையால் பிட்டால் உதிருகிற மாதிரி இருக்கும். சோப்பு, தோல் வேலை எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. தோலடியில் இருக்கும் இளகலான கொழுப்பைப் பிரியாணிக்கு விட்டுவிடலாம்.

அடுத்தது உருக்குவது. பெரிய துண்டாகப் போட்டுத் தீயை ஏற்றினால் வெளியே கருகும், உள்ளே உருகாது, கருகிய கறி வாடை கடைசிவரை போகாது. பொடியாக நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் வைத்துவிட்டு, அவசரப்படாமல் இருக்க வேண்டும். வெண்ணெய் உருக்கும்போது சடசடப்பு அடங்கினால்தான் நெய் என்போமே, இங்கேயும் அதே காதுக் கணக்குதான்: சத்தம் இருக்கிறவரை உள்ளே தண்ணீர் இருக்கிறது. அந்த ஈரத்தோடு வடிகட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், சிக்கு வாடை வரும். தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து உருக்குகிறவர்கள், ஆறியதும் மேலே உறைந்த வட்டைத் தூக்கித் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் பழுப்பாக ஒரு கூழ் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஈரம் போக இன்னொரு முறை காய்ச்சுங்கள். எடுத்து வைக்க ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம். செம்பு பட்டால் கொழுப்பு சீக்கிரம் கெடும். அப்புறம், அடுப்பில் கொழுப்பு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள்.

சமையலில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆட்டுக் கொழுப்பு முழுக்க உருக 45 டிகிரி அல்லது அதற்கு மேலும் சூடு வேண்டும், நம் வாய்ச் சூடோ 37 டிகிரிதான், அதனால் ஆறிப்போன குழம்பில் அது மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. சுடச்சுடப் பரிமாறும் பண்டத்துக்கு மட்டும் அதை வையுங்கள்.

சோப்பில்தான் தப்பு ஆபத்தாகிறது. தேங்காயெண்ணெய்ச் சோப்பின் அளவை எடுத்து அப்படியே கொழுப்புக்குப் போடுகிறார்கள். ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா ஆகும். மாட்டுக் கொழுப்புக்குச் சுமார் 140 கிராமே போதும். மிச்சம் 40 கிராமுக்கு மேல் சோப்புக்குள் அப்படியே நின்று தோலைப் புண்ணாக்கும். நான் சொன்னால் 140-இலும் ஐந்து சதவீதம் குறைத்து 133 போடுங்கள் என்பேன். கொஞ்சம் கொழுப்பு மிஞ்சினால் கைக்கு நல்லதுதான். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடவே வேண்டாம். சாக்கடை அடைப்பு எடுக்க விற்கும் பொடியில் வேறு என்னென்னவோ கலந்திருக்கலாம், அதுவும் ஆகாது.

தோலுக்கு வருவோம். காய்ந்து விறைத்த பெல்ட்டில் கட்டிக் கொழுப்பை அப்பினால் மேலேயே நிற்கும். ஐரோப்பியத் தோல் வேலைக்காரர்கள் கொழுப்போடு மீன் எண்ணெயைக் கலந்து இளக்கி, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே தடவுவார்கள். ஈரம் வெளியேற வெளியேற கொழுப்பு உள்ளே இறங்கும். அதிகமாகப் போட்டால் தோல் தொய்ந்துவிடும். சில நாளில் மேலே வெள்ளையாகப் படர்ந்தால் உடனே பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், முடி உலர்த்தியால் சூடு காட்டுங்கள், உருகி மறைந்தால் அது கொழுப்புதான். பித்தளைக் கொக்கி, ரிவெட்டைச் சுற்றிப் பச்சையாகப் பிசுபிசுப்பு கட்டினாலும் காரணம் இதுவே: கொழுப்பிலுள்ள அமிலம் செம்போடு சேர்கிறது. துடைத்துவிட்டு, அடுத்த முறை உலோகத்தின் மேல் படாமல் தடவுங்கள்.

தச்சு வேலையில் திருகாணி முனையில் துளி கொழுப்பு தொட்டு முடுக்கினால் கெட்டி மரத்திலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் கறி பொரித்து மிஞ்சிய கொழுப்பை எடுக்காதீர்கள். அதில் உப்பும் ஈரமும் இருக்கும், இரும்பு துருப்பிடிக்கும். கொழுப்பு பட்ட மரத்தில் பசையும் பெயிண்டும் பிடிக்காது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆளிவிதை எண்ணெய் மாதிரி காய்ந்து இறுகுகிற சாதி இல்லை இது, மரச்சாமானுக்குப் பூச்சாக நினைப்பதே வீண்.

இன்னொன்று, இதில் செய்த சோப்பையோ மெழுகுவர்த்தியையோ பிறருக்குக் கொடுக்கும்போது எந்த மிருகம் என்று சொல்லாமல் விடுவது. தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு இருக்கிறது என்ற பேச்சு 1857-இல் சிப்பாய்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று தெரியும்தானே. ஆடா, மாடா, பன்றியா என்று கட்டியின் மேலேயே எழுதி ஒட்டிக் கொடுங்கள்.