தெப்பக்காடு போறீங்களா, யானை சாப்பிடற நேரம் பாத்து போங்க

ஊட்டிக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ் முடிச்ச கையோட என்கிட்ட கேக்கறது ஒண்ணுதான், "அண்ணா, பசங்களுக்கு காட்ட இங்க சின்னதா ஜூ ஏதாவது இருக்கா?" கூண்டுக்குள்ள சிங்கம் புலி பாக்கணும்னா வண்டலூர் போங்க. நம்ம காட்டு மிருகத்த பக்கத்துல நின்னு பாக்கணும்னா முதுமலைல இருக்கற தெப்பக்காடு யானைகள் முகாம்தான் நான் சொல்லுவேன். ஆனா எப்ப வேணா போய்க்கலாம்னு மட்டும் இருக்காதீங்க, முக்கால்வாசி பேர் சொதப்பறது அங்கதான்.

யானைக்கு சாப்பாடு குடுக்கறது காலைல 8.30 - 9 வாக்குல, அத விட்டா சாயங்காலம் 5.30க்கு மேல. நடுவுல போனா ஒண்ணும் இருக்காது. இதெல்லாம் தெரிஞ்ச நானே போன வருசம் ஈரோட்டுல இருந்து வந்த தங்கச்சி குடும்பத்த கூட்டிட்டு பத்தரைக்கு போய் நின்னேன், வழில பூரி கெழங்கு சாப்ட்டுதான் வருவேன்னு மாப்ள ஒரே அடம், அங்க போனா காலி கொட்டாயும் லத்தி வாசமும்தான். யானை எங்க மாமான்னு பொண்ணு கேக்குது, என்ன சொல்றது? மறுநாள் மறுபடியும் நாலரைக்கு எந்திரிச்சு கிளம்பினோம்.

நாலரைக்கு ஏன்னா, ஊட்டில இருந்து மசினகுடி வழியா 36 கிலோமீட்டர்தான், மேப்புலயும் அதத்தான் காட்டும், ஆனா அந்த கல்லட்டி எறக்கத்துல வெளியூர் வண்டிய கீழ விடமாட்டாங்க, டிஎன் 43, அதாவது நீலகிரி நம்பர் வண்டிக்கு மட்டும்தான். நீங்க கூடலூர் சுத்திதான் போகணும், 67 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், நடுவட்டத்துல பனி எறங்கிட்டா இன்னும் லேட்டு. அலாரம் வச்சு எந்திரிக்க முடியாதுன்னா முந்தின நாளே மசினகுடில ரூம் போட்டுக்கோங்க, அங்கிருந்து கால் மணி நேரம். பஸ்னா ஊட்டி - மைசூர் வண்டில ஏறி தெப்பக்காட்டுலயே எறங்கிக்கலாம். மைசூர் பக்கமா வர்றவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, பந்திப்பூர் ரோட்ட ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 வரைக்கும் மூடிடுவாங்க. அப்பறம் வெளி மாவட்டத்து வண்டிக்கு இ-பாஸ், 2024 மே மாசத்துல இருந்து கட்டாயம், வீட்ல இருக்கும்போதே எடுத்துருங்க, செக்போஸ்ட்ல நின்னு போன தேச்சிட்டு இருக்காதீங்க.

உள்ள போனதும் எல்லாரும் நேரா யானைய பாத்து ஓடுவாங்க, நீங்க முதல்ல சமையல் நடக்கற எடத்த பாருங்க. ஒவ்வொரு யானைக்கும் ராகி எவ்ளோ, கொள்ளு எவ்ளோ, சாதம் எவ்ளோன்னு தனித்தனி கணக்கு, டாக்டர் சொல்ற அளவுதான். வேகவச்ச ராகிய செங்கல் மாதிரி கட்டியா வச்சிருப்பாங்க, கூட வெல்லம், உப்பு, தேங்கா, தாது உப்பு எல்லாம் சேத்து பெசஞ்சு பெரிய பெரிய கவளமா உருட்டுவாங்க. அத தும்பிக்கைல குடுக்க மாட்டாங்க, யானை தும்பிக்கைய மேல தூக்கி வாய தொறந்து நிக்கும், பாகன் முழங்கை வரைக்கும் உள்ள விட்டு நாக்கு மேல வச்சுட்டு கைய எடுப்பார், ஒரு துளி பயம் இல்லாம. என் தங்கச்சி பொண்ணு ரொம்ப நேரம் பாத்துட்டு, "மாமா இது நம்ம அம்மாயி கிண்டற களிதான?"ன்னுச்சு. ஆமா சாமி, அதேதான்.

பசங்கள சும்மா போட்டோவுக்கு நிக்க வைக்காம ரெண்டு விஷயம் பாக்க சொல்லுங்க. தும்பிக்கை நுனில வெரல் மாதிரி ஒண்ணு இருக்கும், கீழ சிந்தினத அதாலதான் கிள்ளி எடுக்கும், நம்ம யானைக்கு ஒண்ணு, ஆப்பிரிக்கா யானைக்கு ரெண்டு. இன்னொண்ணு தந்தம். நம்ம ஊர் பொம்பள யானைக்கு வெளிய தெரியற மாதிரி தந்தம் இருக்காது, ஆம்பளைலயே தந்தம் இல்லாதது உண்டு, அதுக்கு மக்னான்னு பேரு. மூர்த்தின்னு ஒரு மக்னா இங்க ரொம்ப வருசம் இருந்துச்சு, ஒரு காலத்துல கூடலூர் பக்கம் ஆளுங்கள அடிச்சு கொன்ன யானை, 1998ல பிடிச்சுட்டு வந்தப்ப உடம்பெல்லாம் காயம், டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வைத்தியம் பாத்து தேத்தி எடுத்தார், அவர் பேரத்தான் அதுக்கு வச்சாங்க. அப்பறம் அது பூனை மாதிரி ஆயிருச்சு. 2024ல போய் சேந்துருச்சு.

பாகன், காவடி (பாகனோட உதவியாளு) எல்லாம் பெரும்பாலும் குரும்பர், காட்டுநாயக்கர் ஆளுங்க, அப்பன் தாத்தா காலத்துல இருந்து இதே வேலை. 2023ல இந்த முகாம் யானைங்கள பத்தின 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் வந்ததுல இருந்து, அதுல வர்ற குட்டி யானைங்க ரகு எது பொம்மி எதுன்னு கேட்டு கேட்டே அவங்கள ஒரு வழி பண்ணிட்டாங்க. சாப்பாடு முடியட்டும், அப்பறம் மரியாதையா "அண்ணா, உங்க யானை பேர் என்ன?"ன்னு கேளுங்க, அவங்களே பேசுவாங்க. சாயங்காலம் சங்கிலிய இழுத்துட்டு யானை காட்டுக்குள்ள மேய போயிரும், விடிஞ்சதும் அந்த தடத்த புடிச்சு இவங்க தேடி போய் கூட்டிட்டு வரணும்.

சபாரி போகணும்னா வனத்துறை வண்டி மட்டும் போங்க, தெப்பக்காட்டுலயே டிக்கெட். வெளில ஒருத்தர் "காட்டுக்குள்ள கூட்டிட்டு போறேன் சார், புலி கன்பார்ம்"னு என்கிட்ட நல்லா காசு வாங்கிட்டு மெயின் ரோட்லயே ரெண்டு ரவுண்டு அடிச்சு எறக்கி விட்டாரு, அந்த புள்ளிமான நான் பஸ்லயே பாத்திருப்பேன். உள்ள போனாலும் புலிய எதிர்பாக்காதீங்க. காட்டுமாடு, கடமான், மயில், மரத்து மேல மலை அணில், நல்ல நேரமா இருந்தா செந்நாய் கூட்டம், அதுவே பெரிய விஷயம். வெயில் காலத்துல காட்டுத்தீ பயத்துல சில நாள் சபாரியவே நிறுத்திருவாங்க, கேட்டுட்டு கிளம்புங்க.

ஊட்டி குளிருக்கு போட்ட ஸ்வெட்டர் கீழ எறங்கினதும் வேகும், உள்ள காட்டன் போட்டுக்கோங்க. கைல திங்கற பொருள் எதுவும் வேணாம், கொரங்கு புடுங்கிரும். திரும்பறப்ப கல்லட்டி வழியா ஏறலாம், ஏத்தத்துக்கு வெளியூர் வண்டியயும் விடுவாங்க, 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்ருக்கும். வாந்தி எடுக்கற பிள்ளைங்க இருந்தா எலுமிச்சம்பழமும் பழைய பேப்பரும் காகித கவரும் முன்னாடியே எடுத்து வைங்க, நீலகிரில பிளாஸ்டிக் கவர் தடை, அவசரத்துக்கு எந்த கடைலயும் கிடைக்காது, எங்க மாப்ள பன்னெண்டாவது வளைவுல தன்னோட தொப்பிய குடுத்தாரு.