அடுப்பில்லாமல் மசாலா பிரெட்செல்

நத்தாருக்குக் கடைப் பிரெட்செல்லில் (முடிச்சு வடிவ மொறுமொறு உப்புப் பிஸ்கட்) மசாலா பிரெட்செல் செய்வதானால், தூளை மேலே தூவாமல் எண்ணெயில் குழைத்துப் புரட்டுங்கள். 400 கிராமுக்கு அரைக் கோப்பை எண்ணெய், ஒரு தேக்கரண்டி உள்ளித்தூள், அரைத் தேக்கரண்டி வறுத்த மிளகாய்த்தூள் போதும். உப்பு வேண்டாம், அது பிரெட்செல்லின் மேலேயே பரல் பரலாக ஒட்டியிருக்கிறது. பிஸ்கட் டின்னில் மூடி, இடையிடையே கவிழ்த்துக் குலுக்கினால் சில மணி நேரத்தில் எண்ணெய் உள்ளிறங்கிக் காரம் பிடித்துக்கொள்ளும். மொறுமொறுப்பைக் கெடுப்பது நீர்தான். எண்ணெயில் அது இல்லை. ஆகவே பச்சை உள்ளி, தேசிக்காய்ப் புளி பக்கமே போகாதீர்கள்.

மார்கழி மழையில், திருகோணமலைக் கடற்காற்றில் ஏற்கெனவே நமுத்துப்போனதை இந்த முறை மீட்காது, அதற்கு அடுப்புத்தான். தேங்காய் எண்ணெய் நம் ஊர் வெக்கைக்குச் சரி. நுவரெலியா உறவினருக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்குள்ள மலைக்குளிரில் அந்த எண்ணெய் வெள்ளைத் திட்டுகளாக உறைந்துவிடும்.